வீடு மாற்றும் சனிக்கிழமை

கணினிகளைப் பராமரிக்கும் எங்கள் கூட்டுறவில் வருடத்துக்கு ஒரு சனிக்கிழமையை வீடு மாற்றும் நாள் என்று சொல்வோம். யாரும் சாமான் கட்டுவதில்லை, லாரியும் வருவதில்லை. காலையில் வந்ததும் எல்லோரும் தங்கள் மடிக்கணினியை எங்களில் ஒருவனான டூடுங்கிடம் கொடுத்துவிட வேண்டும். அவன் ஒவ்வொன்றிலிருந்தும் வன்வட்டைக் கழற்றி, பெயர் ஒட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டுவான். பிறகு சீட்டுக் குலுக்கி, லினக்ஸை மட்டும் புதிதாக ஏற்றிய மொட்டைக் கணினி ஒன்றை ஆளுக்கொன்றாகத் தருவான். நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு கேட்பதற்குள் அதில் தன் வீட்டை எழுப்பி, எங்கள் பராமரிப்பில் உள்ள சிறு மருத்துவமனைகளில் ஒன்றிலிருந்து வந்த நிஜப் புகார் ஒன்றைத் தீர்க்க வேண்டும். அதுதான் விதி.

விளையாட்டுப் போலத் தெரிந்தாலும் இது ஒரு வெள்ளத்தில் பிறந்த வழக்கம். ஒரு மழைக்காலத்தில் சிகாபுந்துங் ஆறு கரை மீறி எங்கள் அலுவலகத்தின் கீழ்த்தளத்துக்குள் வந்துவிட்டது. கணினிகள் எல்லாம் நனைந்தன. புதிய கணினிகள் உடனே வந்தன. ஆனால் எங்கள் பழைய அமைப்புகள் எதுவும் இல்லாத அவற்றின் முன் உட்கார்ந்த எங்களுக்குக் கை ஓடவில்லை. மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு வரிசைச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் எங்களில் மூத்தவரான யாயாத் இந்த நாளைக் கொண்டுவந்தார்.

லினக்ஸில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் கணினிக்குள் ஒரு வீடு உண்டு. நம் கோப்புகளை வைக்கும் அந்த அடைவின் பெயரே அதுதான். படமும் பாட்டும் கடிதமும் அதன் கூடத்தில் கிடக்கும். ஆனால் அதை நம் வீடாக ஆக்குவது அவையல்ல. எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும், எந்த விசை எதைச் செய்ய வேண்டும், நீளமான கட்டளைக்கு நாம் வைத்துக்கொண்ட செல்லப்பெயர் என்ன, எதை அழிக்கும் முன் நம்மைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்த கோப்புகளில் இருக்கின்றன. புள்ளி வைத்த கோப்பு சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. தெரியாததாலேயே அவை கட்டிலுக்கு அடியில் தூசி சேர்வதுபோலச் சேர்ந்துகொண்டே போகும்.

ஒழுங்குள்ளவர்கள் அவற்றை ஒரே அடைவுக்குள் கொண்டுவந்து வைப்பார்கள். அதைக் களஞ்சியம் என்போம். வீட்டுக்குள் நிரல்கள் தேடும் இடத்தில் நிஜக் கோப்பு இருக்காது. களஞ்சியத்தைக் கைகாட்டும் ஒரு சுட்டி மட்டும் இருக்கும். களஞ்சியத்தின் நகல் ஊருக்கு வெளியே ஒரு சர்வரில் இருக்கும். ஆறு வந்து கணினியைக் கொண்டுபோனாலும் வீடு போகாது.

என் களஞ்சியம் பெயர் பெற்றது. இதை அடக்கத்தோடு சொல்ல எனக்கு வரவில்லை. சுரபாயாவிலும் மக்காசாரிலும் நான் பார்த்தேயிராத ஆட்கள் அதை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். பல ஆயிரம் வரிகள். ஒரு கட்டளை கொடுத்தால் போதும், எந்தக் கணினியும் இமாஸின் கணினியாகிவிடும். கூட்டுறவில் புதிதாகச் சேரும் எல்லோருக்கும் முதல் நாளே அதைத்தான் கொடுப்பது வழக்கம். யுயுனுக்கும் கொடுத்தேன்.

யுயுன் என்னைவிடக் கொஞ்சம் இளையவள். ஒரு வங்கியின் உள்ளலுவலகத்தில் வெகுகாலம் வேலை பார்த்தவள். அந்தப் பிரிவையே ஜகார்த்தாவுக்கு மாற்றியபோது போகாமல் நின்றுகொண்டாள். பள்ளிக்குப் போகும் மகள் உண்டு, கணவன் இல்லை. மாலை வகுப்பில் லினக்ஸ் படித்து எங்களிடம் தற்காலிகமாக வந்திருந்தாள். வீடு மாற்றும் நாளில் தேறினால் அங்கத்தினர். மருத்துவமனைகளின் அழைப்புகளைக் கவனிக்கும் காவல் நாற்காலியில் முறை போட்டுத் தனியாக உட்காரலாம். தேறாவிட்டால் அடுத்த வருடம்தான். அவளால் அடுத்த வருடம்வரை காத்திருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். பாத்தாம் தீவில் இருக்கும் அவள் அக்கா அங்கே ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் சொல்லி வைத்திருந்தாள். வீடு மாற்றும் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமைக்குள் வருகிறாயா இல்லையா என்று பதில் வேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள்.

இதை அவள் ஒரு மதியம், பொரித்த தவ்ஹுத் துண்டைச் சம்பலில் தோய்த்துக்கொண்டே, ஏதோ பஸ் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். பாத்தாம் பிடிக்காதா என்று கேட்டேன். அங்கே போய்ப் பார்த்ததே இல்லை என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "இந்த வேலை எனக்குப் பிடிச்சிருக்கு தேத்தே. ஒண்ணு பிடிச்சிருக்குன்னு இவ்வளவு வயசுக்கு அப்புறம் தெரியவந்திருக்கு. அத விட்டுட்டுப் போக மனசு வரல," என்றாள். எங்கள் ஊரில் அக்காவைத் தேத்தே என்போம், தங்கையை நெங், அண்ணனைக் காங்.

ஆனால் அவள் மெதுவாக வேலை செய்தாள். ஒவ்வொரு விசையையும் அழுத்தும் முன் கை காற்றில் நின்றது. நான் கவனித்தேன், வருந்தினேன், பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் அவளுக்கு ஏதோ காட்டுவதற்காக அவள் கணினியில் கைவைத்தேன். எதுவும் நடக்கவில்லை. என் செல்லப்பெயர் எதையும் அந்தக் கணினி அடையாளம் கண்டுகொள்ளவில்லை. என் நிறங்கள் இல்லை. என் வீட்டுக்குள் போகிறேன் என்று நினைத்து யாரோ ஒருவரின் காலி அறைக்குள் நுழைந்துவிட்டதுபோல இருந்தது.

"எல்லாத்தையும் எடுத்துட்டியா?" என்றேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. "சொல்லணும்னு இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"நான் குடுத்ததுல என்ன குறை?"

"குறையே இல்ல தேத்தே. பெரிய வீடு, அழகான வீடு. ஆனா அதுல நான் விருந்தாளி. தண்ணி குடிக்கக்கூட யார்கிட்டயாவது கேக்கணும்போல இருக்கு." பிறகு வலது கையை என் முன்னால் நீட்டினாள். சுண்டுவிரல் மடங்காமல் நேராக நின்றது. சிறு வயதில் ஆங்கோட் வண்டியின் கதவில் நசுங்கிய விரல். "உங்க வரியெல்லாம் இவன நம்பி எழுதினது. இவன் வேலைக்கு வரமாட்டான்."

அத்தனை நாள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த விரலை நான் பார்த்ததே இல்லை.

அவள் தன் கோப்பைத் திறந்து காட்டினாள். ஒரு திரைக்குள் முடிந்துவிட்டது. ஒரே இடத்தில் அடிக்கடி இடறினால்தான் ஒரு வரி சேர்ப்பாளாம். ஒருமுறை இடறியதற்காகச் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு வரிக்கும் மேலே, கணினி படிக்காமல் தாண்டிப்போகும் குறிப்பாக, அது ஏன் அங்கே இருக்கிறது என்று எழுதியிருந்தாள். 'அழிக்கும் முன் என்னைக் கேள். கேட்காததால் ஒரு செவ்வாய்க்கிழமை முழுக்க வீணாயிற்று.' 'எழுத்து பெரிதாக. கண்ணாடி மாற்றும்வரை.' 'கட்டைவிரல் சும்மாதானே இருக்கிறது, அதற்கு இந்த வேலை.' படித்துவிட்டுச் சிரித்தேன். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குள் ஒரு கசப்பு. மறுக்கப்பட்டவளின் கசப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு வேறொன்று ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் மாமியாரின் அடுக்களையில் நான் நின்ற நிற்பு. எல்லாம் டப்பாவில், எல்லாம் வரிசையில், எல்லாம் சுத்தம். உப்பு எங்கே என்று தெரியாமல் நான் ஒவ்வொரு மூடியாகத் திறந்துகொண்டிருப்பேன். மாமியார் நல்லவர். அந்த அடுக்களையில் குறையென்று எதையும் சொல்ல முடியாது. இருந்தாலும் அங்கே சமைத்த எந்தக் குழம்பும் என்னுடையதாக இல்லை. அதை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்ல எனக்குத் துணிவு வந்ததில்லை. யுயுன் முகம் சிவந்து, தடுமாறி, ஆனாலும் சொல்லிவிட்டாள். கசப்புக்கு அடியில் இருந்தது பொறாமை என்று அப்போதுதான் பிடிபட்டது. அது கொஞ்சம் கொஞ்சமாக மரியாதையாக மாறுவதற்குச் சில வாரங்கள் பிடித்தன.

அந்தச் சனிக்கிழமை காலையிலேயே மேகம் தாங்குபான் பராஹு மலையை மூடிவிட்டது. யாயாத்தின் மனைவி ஒரு பெரிய பானை நிறைய பான்ட்ரெக் என்ற இஞ்சிப் பானமும், தாளில் சுற்றிய பாலா-பாலா பஜ்ஜியும் அனுப்பியிருந்தாள். இஞ்சி வாசனையோடு வேலை தொடங்கியது. டூடுங் அலமாரியைப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அலமாரியைத் திறக்கச் சொல்கிறவர்கள் அந்த நொடியே தோற்றவர்கள் என்று ஒவ்வொரு வருடமும் சொல்வதை இந்த வருடமும் சொன்னான்.

என் வீடு ஒரே கட்டளையில் எழும்பியது. பத்துப் பன்னிரண்டு எச்சரிக்கைகள் வந்தன. எதற்கென்று எனக்குத் தெரியாது, பல வருடங்களாக வருகின்றன. எனக்கு வந்த புகார் எளிது. ஒரு மருத்துவமனையில் கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. முடித்துவிட்டு யுயுனைப் பார்த்தேன்.

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள். அருகில் போனேன். களஞ்சியத்தை இறக்கியிருந்தாள். எல்லாக் கோப்பின் பெயரும் வரிசையாக இருந்தது, எல்லாம் சிவப்பு நிறத்தில். எங்கள் தொழிலில் அந்தச் சிவப்புக்கு ஒரே அர்த்தம்தான்: சுட்டி இருக்கிறது, அது காட்டும் இடத்தில் எதுவும் இல்லை.

"தலைகீழா வச்சிட்டேன்," என்றாள் மெதுவாக. "நிஜ ஃபைலெல்லாம் வீட்ல. களஞ்சியத்துல வெறும் சுட்டி."

எப்படி என்று கேட்டேன். வங்கியில் அப்படித்தான் என்றாள். அசல் நம் மேசையில் இருக்கும். ஆவண அறைக்கு, அசல் இன்னாரிடம் என்று குறிப்புச் சீட்டு மட்டும் போகும். அத்தனை வருடப் பழக்கத்தில் கை தானாக அதையே செய்திருக்கிறது. அவளுடைய கணினியில் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. சுட்டி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது அங்கே தெரியாது. வெளியே வந்தால்தான் தெரியும். அவள் ஒவ்வொரு நாளும் கவனமாக சர்வருக்கு அனுப்பி வைத்ததெல்லாம், அசல் இன்ன இடத்தில் என்ற சீட்டுகள். அந்த இன்ன இடம் டூடுங்கின் அலமாரிக்குள் இருந்தது.

அறையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. டூடுங் சட்டைப்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவளுக்கு வந்த புகார் என்னுடையதைப்போல எளிதல்ல. லெம்பாங் மருத்துவமனையில் காலையிலிருந்து வரிசைச் சீட்டு வரவில்லை. முந்தின நாள் அங்கே கணினி பழுதாகி வேறொன்றை வைத்திருந்தார்கள். திரையில் 'மருத்துவமனை மூடப்பட்டுள்ளது' என்று வருகிறது, வெளியே நோயாளிகள் நிற்கிறார்கள் என்று செவிலி இரண்டாவது முறையாகத் தொலைபேசியில் அழைத்துவிட்டார். பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது, நிறைய இல்லை.

நான் குனிந்து அவள் காதருகில் சொன்னேன். எல்லோருக்கும் திறந்திருக்கும் களஞ்சியம் எதையும் எடுத்துக்கொள்ள விதியில் தடையில்லை. "என்னோடத இறக்கிக்க நெங். ஒரே ஒரு வரிதான். உடனே எல்லாம் வந்துரும். இன்னிக்கு மட்டும்."

உண்மையிலேயே அவளுக்கு உதவத்தான் சொன்னேன். ஆனால் அவள் சரி என்று சொல்ல வேண்டும் என்று எனக்குள் இன்னொருத்தி, மாமியாரைப்போன்ற ஓர் அடுக்களைக்காரி, ஆவலோடு காத்திருந்ததையும் உணர்ந்தேன்.

யுயுன் மேசையின் விளிம்பை அந்த நேரான விரலால் தட்டினாள்.

"வேணாம் தேத்தே. உங்க வீட்டுக்கு வந்தா விளக்கெல்லாம் உடனே எரியும். சுவிட்ச் எங்கன்னு நான் தேடிக்கிட்டு இருப்பேன். என்னோடது சின்னது. இங்கயே கட்டிக்கறேன்."

"எதப் பாத்து?"

"எதையும் பாக்க வேணாம்," என்று சொல்லிவிட்டுத் தட்டச்ச ஆரம்பித்தாள்.

நான் பின்னால் நின்று பார்த்தேன். வாழ்நாளில் எத்தனையோ பேர் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்; அப்படி ஒன்றை அதற்கு முன் பார்த்ததில்லை. முதலில் கட்டைவிரலுக்கு வேலை கொடுத்தாள். அது அமைந்ததும் கைகளின் தயக்கம் போய்விட்டது. அடுத்து எழுத்தைப் பெரிதாக்கினாள். அடுத்து, அழிக்கும் முன் கேட்கச் சொன்னாள். எந்த வரிக்கும் நின்று யோசிக்கவில்லை. ஒவ்வொன்றும் அவளைப் பலமுறை இடறவைத்த இடம். இடறிய இடத்தைக் கால் மறக்குமா? குறிப்புகளைக்கூட விடவில்லை. அவசரத்தில் விட்டுவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. குறிப்பை எழுதினால்தான் அடுத்த வரி வருகிறது என்பது பார்த்தபோது புரிந்தது. கட்டுமானத்துக்குக் கைகொடுத்தது அந்த ஏன்கள்தான். என் பல ஆயிரம் வரிகளில் இருந்து இப்படி எதையும் பாராமல் எத்தனை எழுதுவேன் என்று யோசித்தேன். யோசனையை அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

ஒரு வரியில் மட்டும் கொஞ்சம் நிதானித்தாள். தூரத்துக் கணினி ஒன்றுக்குள் நுழைவதற்கு அவள் வைத்திருந்த செல்லப்பெயர் அது. நாங்கள் எல்லோரும் அப்படி ஒன்று வைத்திருக்கிறோம். அவளுடையது உள்ளே நுழைந்ததும் முதல் காரியமாக அந்தக் கணினியிடம், இப்போது உன்னிடம் மணி என்ன என்று கேட்கும். மேலே குறிப்பு எழுதினாள்: 'யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கடிகாரத்தைப் பார். வங்கியில் ஒரு கணக்கு இதனால்தான் போயிற்று.'

பிறகு லெம்பாங் கணினிக்குள் போனாள்.

நானாக இருந்தால் அச்சுப்பொறியில் தொடங்கியிருப்பேன். பிறகு கம்பி, பிறகு நிரலின் பதிவுகள். மதியமாகியிருக்கும். யுயுனுக்கு உள்ளே நுழைந்த கணமே பதில் திரையில் நின்றது. அந்தக் கணினிக்கு மணி அதிகாலை நான்கு. புதிதாக வைத்தவர்கள் அதற்கு இது எந்த ஊர் என்று சொல்ல மறந்துவிட்டார்கள். அது லண்டனில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, விடியாத நேரத்தில் மருத்துவமனை ஏன் திறக்க வேண்டும் என்று பேசாமல் இருந்தது.

"பாவம், தூங்குது," என்றாள் யுயுன். எந்த ஊர் என்று அதற்குச் சொன்னாள். சீட்டு நிரலை நிறுத்தித் திரும்பத் தொடங்கினாள். செவிலியை அழைத்து ஒரு சீட்டு எடுத்துப் பார்க்கச் சொன்னாள். ஒலிபெருக்கியில் சீட்டு கிழிபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு வயதான குரல் "அல்ஹம்துலில்லாஹ், நம்பர் ஒண்ணு எனக்கு" என்றது. அறையில் எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, சந்தின் முனையிலிருந்த பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது.

பாங்கு முடிந்ததும் யாயாத், யுயுனின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மென்மையாகப் பேசுகிற மனிதர். மென்மையாகவே மறுக்கவும் தெரிந்தவர். புகார் தீர்ந்தது, சந்தோஷம் என்றார். ஆனால் இன்றைக்குப் பார்ப்பது புகாரை அல்ல. ஆறு வந்த அன்று இவள் களஞ்சியத்தில் என்ன இருந்திருக்கும்? ஒன்றுமில்லை. நினைவில் இருந்தது, நினைவு காய்ச்சலில் படுக்கும். காவல் நாற்காலியில் அன்றைக்கு வேறொருவர் இவளுடைய வீட்டைத் திறக்க வேண்டியிருந்தால் அவருக்குக் கிடைப்பது சிவப்பு எழுத்து மட்டும்தான்.

அவர் சொன்ன எதையும் மறுக்க முடியாது. யுயுனும் மறுக்கவில்லை. தலையை ஆட்டினாள். மடியில் அவள் கை இறுகியிருந்தது. அந்த ஒரு விரல் மட்டும் இறுகாமல் நீட்டிக்கொண்டிருந்தது.

டூடுங் சூழ்நிலையை இலேசாக்கப் பார்த்தான். "காங், ஆனா இத வீடுன்னு சொல்ல முடியுமா? வயல்ல குருவி விரட்டப் போட்ட குடிசை மாதிரில்ல இருக்கு. இமாஸ் தேத்தே வீட்ல பாத்ரூமே இதவிடப் பெருசு."

"உன் வீட்டுக்கு இன்னும் கதவே வைக்கலயே டூடுங்," என்றேன். அவன் கணினி காலையிலிருந்து எழுத்தையெல்லாம் கட்டம் கட்டமாகக் காட்டிக்கொண்டிருந்தது. அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

யாயாத் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு இமாஸ். உன் களஞ்சியத்தத்தான் வேணாம்னு சொல்லியிருக்கா. நீ என்ன நெனைக்கற?"

இதை அவர் எல்லோர் முன்னாலும் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு சொல் போதும் அந்த நேரத்தில். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று நான் சொன்னால் யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். அது நியாயமாகக்கூடப் படும்.

"வரி கேக்கற சடங்கு இன்னும் பாக்கி இருக்கு காங்," என்றேன். "அத முதல்ல முடிங்க."

வீடு மாற்றும் நாளின் கடைசிக் காரியம் அது. யார் வேண்டுமானாலும் மற்றவர் கோப்பில் ஒரு வரியின்மேல் விரலை வைத்து, இது எதற்கு என்று கேட்கலாம். சொல்லத் தெரியாவிட்டால் அந்த வரியை அங்கேயே அழித்துவிட வேண்டும். பெரிய களஞ்சியம் வைத்திருப்பவர்களிடம் மரியாதைக்காக எல்லோரும் சுலபமான வரியைத்தான் கேட்பார்கள்.

யுயுனிடம் யாரும் மரியாதை பார்க்கவில்லை. ஒவ்வொருவராக வந்து விரல் வைத்தார்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் அதன் கதையைச் சொன்னாள். குறிப்பில் இருந்ததையும் தாண்டிச் சொன்னாள். எந்த நாளில் எதை இழந்தாள், அதற்குப் பிறகு எந்த வரி வந்தது, எந்த வரியைச் சேர்த்துப் பின்னால் தேவையில்லை என்று எடுத்தாள். வேலை செய்யக் கற்றுக்கொண்ட மாதங்கள் முழுவதையும் ஒரு திரைக்குள் மடித்து வைத்திருந்தாள். அழிக்கச் சொல்லி யாராலும் ஒரு வரியைக்கூடக் காட்ட முடியவில்லை. கடைசியில் டூடுங், தான் வேண்டுமென்றே கஷ்டமானதைத் தேடியதாகவும், கிடைக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டான்.

"எனக்குத் தெரிஞ்சு," என்றேன் யாயாத்திடம், "இந்த ரூம்ல தன்னோட வீட்ல இருக்கறதெல்லாம் என்னன்னு தெரிஞ்ச ஆள் இவ ஒருத்திதான். சுட்டியத் திருப்பி வைக்க எவ்வளவு நேரம் ஆகப்போகுது? திருப்பி வைக்கச் சொல்லுங்க. இன்னொரு மொட்டைக் கம்ப்யூட்டர் குடுங்க. வீடு வருதான்னு பாருங்க."

யாயாத் பான்ட்ரெக் கோப்பையைக் கையில் சுற்றிக்கொண்டே யோசித்தார். சாப்பாட்டுக்கு முன்னால் முடியுமா என்று யுயுனிடம் கேட்டார். அவள் வேலையைத் தொடங்கிவிட்டாள்.

நிஜக் கோப்புகளைக் களஞ்சியத்துக்குள் நகர்த்தினாள். வீட்டில் அவை இருந்த இடங்களில் சுட்டிகளை வைத்தாள். ஒவ்வொன்றையும் வைத்துவிட்டு, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்டுச் சரிபார்த்தாள். களஞ்சியத்தின் வாசலில் புதிதாக ஒரு குறிப்பு எழுதினாள்: 'அசல் இங்கே. சீட்டு அங்கே. இது வங்கி அல்ல.' அதை சர்வருக்கு அனுப்பினாள். டூடுங் இன்னொரு மொட்டைக் கணினியைக் கொண்டுவந்து வைத்தான். களஞ்சியத்தை இறக்கி, சுட்டிகளை வைத்து, மூடித் திறந்தாள். எழுத்து பெரிதாக வந்தது. நானும் யாயாத்தும் ஒரே நேரத்தில் குனிந்து பார்த்தோம். ஒரு பெயர்கூடச் சிவப்பாக இல்லை.

"அங்கத்தினர் நெங் யுயுன்," என்றார் யாயாத். "இனிமே நீயும் விரல் வைக்கலாம். யார வேணும்னாலும் கேளு."

யுயுன் சுற்றிலும் பார்த்துவிட்டு என் கணினிக்கு வந்தாள். கோப்பைத் திறந்து, நெடுந்தூரம் கீழே போய், ஓர் இடத்தில் விரல் வைத்தாள். மற்றவர்கள் என்னிடம் கேட்பதுபோன்ற வரி அல்ல. இத்தனை வருடங்களில் யாரும் அந்த ஆழத்துக்குப் போனதில்லை.

"இது எதுக்கு தேத்தே? ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். உங்க வீட்ல இருந்தப்ப தினமும் இதுலதான் முட்டிக்குவேன்."

பார்த்தேன். என்னைவிட்டுப் போன என் கணவன் ஹென்டார் எழுதிய வரி. களஞ்சியமே அவன் தொடங்கி வைத்ததுதான். அவன் போன பிறகு சுவரில் இருந்த படங்களை எடுத்தேன், தலையணையை மாற்றினேன். புள்ளி வைத்த கோப்புகளை மட்டும் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. அவன் கைக்கு வசதியான விசையைத்தான் தினமும் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். சுரபாயாவிலும் மக்காசாரிலும் அழுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

"தெரியாது," என்றேன். சொன்னபோது வலிக்கவில்லை. அழித்தேன். "இன்னொண்ணு கேளு," என்றேன்.

அதற்குள் அவள் கைப்பேசி அடித்தது. பாத்தாமிலிருந்து அக்கா. திங்கட்கிழமைவரை பொறுக்க முடியவில்லைபோலிருக்கிறது. யுயுன் ஜன்னல் ஓரமாகப் போய்ப் பேசினாள். மழை ஆரம்பித்திருந்ததால் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. அதனால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அக்கா நீளமாக ஏதோ சொல்லிக்கொண்டே போனாள், யுயுன் ம் ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். விடுதி, சம்பளம், பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றையும் அக்கா அடுக்கியிருக்க வேண்டும். முடிந்ததும் யுயுன், "நான் வரல. இங்க எனக்கு வேல இருக்கு. திங்கக்கிழமை காலைல காவல் நாற்காலி என்னோடது," என்றாள்.

அட்டவணையில் திங்கள் காலை என் பெயர்தான் இருந்தது. யாயாத் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய், பலகையில் என் பெயரை அழித்துவிட்டு அவள் பெயரை எழுதினேன்.